வாடகைக்கு வந்தவங்க வித்துட்டுப் போன ஊர்: தரங்கம்பாடியில் ஒரு நாள்

இந்த எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும்.

சில மாசத்துக்கு முன்னாடி அச்சு வரலாறு பத்திப் பேசினப்போ, "தமிழ்ல முதல் புத்தகம் அச்சானது தரங்கம்பாடியில"ன்னு ரொம்ப கான்ஃபிடன்ட்டா சொல்லியிருந்தேன். அது தப்பு. தமிழ் எழுத்துல அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ல கொல்லத்துல வந்துடுச்சு. அதுக்கும் முன்னாடி, 1554ல, தமிழை ரோமன் எழுத்துல எழுதி லிஸ்பன்ல ஒரு புத்தகம் அச்சடிச்சிருக்காங்க. தரங்கம்பாடி அச்சகம் வேலையைத் தொடங்கினது 1710களில். நான் கிட்டத்தட்ட 135 வருஷத்தை விழுங்கிட்டேன்.

இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது நீங்க யாரும் இல்லை. என் அக்கா பொண்ணு நிலாவோட டீச்சர். ஆறாவது படிக்கிற பொண்ணு, மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு என் எபிசோடைக் கேட்டு ஸ்கூல் ப்ராஜெக்ட்ல அப்படியே எழுதிட்டா. டீச்சர் சிவப்பு மையில வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அவ என்கிட்ட கோபப்படலை, அழலை. "மாமா, உனக்கு அது எப்படித் தெரியும்?"னு மட்டும் கேட்டா. என்கிட்ட பதில் இல்லை. எங்கேயோ படிச்சது, செக் பண்ணலை, அவ்வளவுதான்.

அதுக்கு அடுத்த மாசம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூர்ல. விசேஷம் முடிஞ்ச மறுநாள் குடும்பமே ஃப்ரீ. அங்கிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டர்கூட இல்லை. "வா, நேர்லயே போய்ப் பார்த்துடலாம்"னேன். நிலா ஒரு கண்டிஷன் போட்டா. நான் என்ன சொன்னாலும் அவ அந்தக் கேள்வியைக் கேட்பா, நான் பதில் சொல்லணும். கூட அவ தம்பி கவின், ஏழு வயசு. அவனுக்குக் கண்டிஷன் எல்லாம் இல்லை, ஐஸ்கிரீம் மட்டும் போதும்.

வாசல்ல ஆரம்பிச்ச வாடகைக் கதை

காரை வெளியே நிறுத்திட்டு ஊர் வாசல் வழியா நடந்து போனோம். வெள்ளை அடிச்ச வளைவு, மேல டென்மார்க் அரச முத்திரை. இப்போ நிக்கிற இந்த வாசல் 1792ல கட்டினது. உள்ள போனா நேரா ராஜ வீதி. ரெண்டு பக்கமும் பெரிய தூண் வச்ச பழைய வீடுகள், கடைசியில கடல்.

"டென்மார்க்காரங்க இங்க எப்படி வந்தாங்க?"ன்னு கேட்டா நிலா.

1618ல கோபன்ஹேகன்ல இருந்து கப்பல்கள் கிளம்புது. தலைவர் ஓவே யெட்டே. கிளம்பும்போது அவருக்கு வயசு 23. நம்ம பாஷையில ஃபிரெஷர். அந்த வயசுல நான் ஒரு பட்டனோட கலரை மாத்துறதுக்கு மூணு பேர்கிட்ட அப்ரூவல் வாங்கிட்டு இருந்தேன். இவர்கிட்ட ஒரு கப்பற்படையையே கொடுத்து அனுப்பிட்டாங்க. அவங்க முதல்ல குறி வச்சது இலங்கை. அது சரியா அமையலை. முன்னாடியே வந்த ரோலண்ட் க்ராப்பேங்கிறவரோட கப்பலைக் காரைக்கால் பக்கத்துல போர்த்துக்கீசியர் அழிச்சுட்டாங்க. தப்பிச்ச சிலரோட அவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட போய்ச் சேர்ந்தார். நாயக்கருக்கு போர்த்துக்கீசியரை மட்டும் நம்பி இருக்கிறதுல விருப்பம் இல்லை, இன்னொரு வியாபாரி வந்தா நல்லதுன்னு நினைச்சார். 1620 நவம்பர்ல ஒப்பந்தம் ஆச்சு. ஊரும் சுத்தி இருந்த கொஞ்சம் நிலமும் டேனிஷ்காரங்க கைக்கு வந்தது. அதுக்குப் பதிலா வருஷா வருஷம் நாயக்கருக்குப் பணம் கட்டணும்.

"அப்போ வாடகை வீடா?"ன்னான் கவின். பெங்களூர்ல வளர்ற குழந்தைக்கு வாடகைன்னா என்னன்னு சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆமாடா, வாடகை வீடுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?" இது நிலா.

இந்தத் தடவை என்கிட்ட பதில் இருந்துச்சு. ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியனுக்கு எழுதின கடிதம் இன்னும் இருக்கு. தங்கத் தகட்டுல, தமிழ்ல எழுதினது. கையெழுத்து மட்டும் தெலுங்குல, நாயக்கர்களோட தாய்மொழி அதுதான். அந்தத் தகடு இப்போ கோபன்ஹேகன்ல, டென்மார்க் அரசு ஆவணக் காப்பகத்துல இருக்கு.

மாணவனுக்குச் சிலை, வாத்தியாருக்கு?

ராஜ வீதியில கொஞ்ச தூரம் நடந்தா புது எருசலேம் ஆலயம். 1718ல கட்டினது. கட்டினவர் சீகன்பால்கு. அடுத்த வருஷம் பிப்ரவரியில, 36 வயசுல இறந்துபோய், அதே கோயிலுக்குள்ளயே அடக்கமானார்.

அவர் ஜெர்மன்காரர். டென்மார்க் ராஜா அனுப்பின மிஷனரி. 1706 ஜூலையில இந்தக் கரையில இறங்கினார். மதம் பரப்பத்தான் வந்தார், அதுல ஒளிவு மறைவு இல்லை. ஆனா அவர் செஞ்ச முதல் வேலை தமிழ் கத்துக்கிட்டது. எப்படிக் கத்துக்கிட்டார்ங்கிறதைச் சொன்னதும் கவின் ஐஸ்கிரீமை மறந்துட்டான். ஒரு தமிழ் வாத்தியாரை ஏற்பாடு பண்ணி, அவர்கிட்ட படிச்ச சின்னப் பசங்களோடயே தரையில உட்கார்ந்து, மணல்ல விரலால எழுதி 'அ, ஆ' பழகினார். பல்கலைக்கழகத்துல படிச்சுட்டு வந்த வெள்ளைக்காரர், அஞ்சு வயசுப் பசங்க பக்கத்துல.

"அவரையும் வாத்தியார் அடிச்சாரா?"ன்னான். அது எந்த ஆவணத்துலயும் இல்லைடா.

ரெண்டே வருஷத்துல, 1708ல, தான் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியலே எழுதிட்டார். நூறுக்கும் மேற்பட்ட நூல்கள். அப்புறம் தென்னிந்திய தெய்வங்களைப் பத்தி 1713ல ஒரு பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்க இருந்த பெரியவங்களுக்கு அது பிடிக்கலை. உன்னை அனுப்பினது மாத்துறதுக்கு, இதையெல்லாம் எழுதி அனுப்புறதுக்கு இல்லைங்கிற தோரணை. அது அச்சாகவே இல்லை. 1867லதான், எழுதி ஒன்றரை நூற்றாண்டு கழிச்சு, சென்னையில அச்சாச்சு.

அச்சுன்னதும் நிலா என்னைப் பார்த்தா. சரி, இந்தத் தடவை ஒழுங்கா சொல்றேன். லண்டன்ல இருந்து அவங்களுக்கு ஒரு அச்சு இயந்திரத்தை அனுப்பினாங்க. வர்ற வழியில கப்பல் பிரெஞ்சுக்காரங்ககிட்ட மாட்டிக்கிச்சு. இயந்திரம் எப்படியோ மீண்டு வந்து சேர்ந்தது. ஜெர்மனியில ஹாலே நகரத்துல தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினாங்க. ஆனா எழுத்து ரொம்பப் பெருசு. பேப்பரோ கம்மி. அந்த சைஸ்ல முழுப் புத்தகம் அடிச்சா பேப்பர் பத்தாது. அதனால இங்கயே சின்ன எழுத்துகளை வார்த்தாங்க. அதுக்கு ஈயம் வேணுமே? இங்கிலாந்துல இருந்து வந்த சீஸை மூடியிருந்த ஈயத் தகட்டை உருக்கினாங்கன்னு அச்சு வரலாறு எழுதினவங்க பலர் சொல்றாங்க. 1715ல புதிய ஏற்பாடு தமிழ்ல முழுசா வந்துச்சு. நம்ம வேலையில மெமரி பத்தலைன்னா ஃபைல் சைஸைக் குறைக்கிறோம்ல, அதேதான்.

வெளியே வந்து சீகன்பால்கு சிலை முன்னாடி ஃபோட்டோ எடுத்தோம். நிலா சிலையைப் பார்த்துட்டே கேட்டா. "இவரு கத்துக்கிட்டவரு. கத்துக்கொடுத்த வாத்தியாருக்குச் சிலை எங்க?"

நான் பார்த்த பலகை எதுலயும் அந்த வாத்தியார் பேர் இல்லை. அவர் பொய்யா உருவாக்கின ஆள் இல்லை. மிஷனரிகளோட கடிதங்கள்லயே வர்றார், வயசான பள்ளிக்கூட வாத்தியார். அவர் பையன் கணபதியும் வர்றார். கம்பெனியில துபாஷியா இருந்த அழகப்பனும் வர்றார். போர்த்துக்கீசியம், டேனிஷ், ஜெர்மன் எல்லாம் பேசத் தெரிஞ்ச அந்த மனுஷர் இல்லைன்னா சீகன்பால்குவோட ஆரம்ப நாட்கள் ரொம்பக் கஷ்டமாகியிருக்கும். நூறு நூலுக்கு மேல படிச்சார்னு நாம ஆச்சரியப்படுறோம். அந்த ஏடுகளை வச்சிருந்தவங்க, எடுத்துக் கொடுத்தவங்க, உட்கார்ந்து பொருள் சொன்னவங்க எல்லாம் இந்த ஊர்க்காரங்க.

"ஒரே ஒரு ஆள்"

வெயில் ஏறினதும் டான்ஸ்போர்க் கோட்டைக்குள்ள போயிட்டோம். கடலைப் பார்த்த மாதிரி ரெண்டு அடுக்கு. கீழ சரக்கு அறைகள், சமையலறை, சிறை. மேல அதிகாரிகள் தங்கின இடம். இப்போ அது அருங்காட்சியகம்.

இங்க சொல்றதுக்குன்னே எனக்குப் பிடிச்ச ஒரு கதையை ரெடியா வச்சிருந்தேன். 1640கள்ல இருந்து டென்மார்க்ல சண்டை, பணக் கஷ்டம். இந்த ஊருக்குக் கப்பல் வர்றது நின்னுபோச்சு. ஏறத்தாழ முப்பது வருஷம் ஒரு கப்பல்கூட வரலை. 1650ல கம்பெனியையே கலைச்சுட்டாங்க. இங்க இருந்த டேனிஷ்காரங்க ஒவ்வொருத்தரா செத்துப்போக, கடைசியில மிஞ்சினது ஒரே ஒரு ஆள். எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. அவர் கோட்டையை விடவே இல்லை. கொடியை இறக்கலை. ஊரைச் சுத்தி மதில் எழுப்பினார். 1669ல டென்மார்க் கப்பல் மறுபடி வந்தப்போ, கோட்டை அவர் கையிலதான் இருந்துச்சு.

ஸ்டார்ட்அப்பை மூடிட்டாங்க, ஆனா ஒரே ஒரு எம்ப்ளாயி சம்பளம் இல்லாம சர்வரை ஓட்டிட்டு இருக்கார். என் ஆபீஸ்ல இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கேன்.

நிலா கைதட்டலை. "மாமா, ஒரே ஆள் எப்படி மதில் கட்டுவாரு?"

"..."

"அவருக்குச் சோறு யாரு போட்டாங்க?"

பக்கத்துல நின்ன அக்கா சிரிச்சுட்டா. "இவ்வளவு நாளா இந்தக் கேள்வி உனக்கு வரலையாடா?"ன்னா. வரலைதான். ஒரே ஆள் இல்லை, ஒரே *டேனிஷ்* ஆள். காவலுக்கு நின்னது, மண் சுமந்தது, படகு ஓட்டினது எல்லாம் இங்க இருந்த தமிழ் ஆட்களும் போர்த்துக்கீசிய வம்சாவளி ஆட்களும்தான். நான் சொன்ன கதையில ஒரு ஊரே இருந்துச்சு. நான் ஒருத்தரை மட்டும் எண்ணியிருக்கேன்.

கீழ சிறை அறைக்கு வந்தோம். கவின் உள்ள எட்டிப் பார்த்துட்டு, "யாரை அடைச்சாங்க?"ன்னான்.

சீகன்பால்குவையே அடைச்சிருக்காங்க, 1708 கடைசியில, நாலு மாசம். ஒரு ஏழை விதவையோட கடன் வழக்குல அவளுக்காகப் பேசினார். கோட்டைத் தளபதிக்கும் அவருக்கும் ஏற்கனவே ஆகாது. தூக்கி உள்ள போட்டுட்டார். இது வரைக்கும் சொல்றது ஈஸி.

அடுத்ததைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். ஃபேமிலி ட்ரிப், குழந்தைங்க, தாத்தாவுக்கு அறுபது. டேனிஷ்காரங்கன்னா நம்ம மனசுல ஒரு சாஃப்ட் கார்னர் இருக்கு. சின்ன நாடு, பீரங்கியைவிட அச்சு எழுத்து அதிகம் கொண்டுவந்தவங்க, மத்தவங்க மாதிரி இல்லைன்னு. நானும் போன எபிசோட்ல அப்படித்தான் பேசியிருந்தேன். ஆனா இன்னிக்குக் கண்டிஷன் இருக்கே.

சொன்னேன். 17ஆம் நூற்றாண்டுல பஞ்சமும் போரும் வந்தப்போ சோழமண்டலக் கரையில மனுஷங்களை அடிமைகளா வாங்கிக் கப்பல்ல ஏத்தினாங்க. டச்சுக்காரங்க பழவேற்காட்டுல இருந்து பெரிய அளவுல செஞ்சாங்க. டேனிஷ்காரங்களும் அந்த வியாபாரத்துல இருந்தாங்க. இந்த ஊர் வீடுகள்லயும் அடிமைகள் இருந்தாங்க.

"உனக்கு எப்படித் தெரியும்?" இந்த முறை குரல் மெதுவா வந்துச்சு.

"1707 மே மாசம் சீகன்பால்கு இங்க முதன்முதலா அஞ்சு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த அஞ்சு பேரும் டேனிஷ்காரங்க வீட்டு அடிமைகள். மிஷன் பதிவுகள்லயே இருக்கு."

காலையில நாம நுழைஞ்ச வாசல் 1792ல கட்டினதுன்னேன்ல? அதே வருஷம்தான் டென்மார்க் ராஜா அட்லாண்டிக் அடிமை வணிகத்தை நிறுத்தச் சொல்லி ஆணை போட்டார். அமலுக்கு வந்தது 1803ல. பத்து வருஷம் டைம் கொடுத்தாங்க, தோட்ட முதலாளிங்களுக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு. நிலா எதுவும் கேட்கலை. கவின் அந்த அறைக் கதவை ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டு வெளியே வந்துட்டான்.

அப்பா பார்த்த கடல்

சாயங்காலம் கடற்கரை ஓரமா மாசிலாமணி நாதர் கோயிலுக்கு நடந்தோம். இது டேனிஷ்காரங்களுக்கு 300 வருஷம் மூத்தது. 1306ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. கல்வெட்டுல ஊர் பேரு சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம்னு வருது. பட்டினம்னாலே அது துறைமுகம். அதாவது யெட்டே காலி இடத்துல வந்து இறங்கலை. ஏற்கனவே வியாபாரம் நடந்துட்டு இருந்த ஊருக்குத்தான் குடி வந்தார்.

கோயிலோட முன்பக்கத்தைக் கடல் தின்னுடுச்சு. இப்போ கரையில பாறைகளைக் கொட்டித் தடுத்து வச்சிருக்காங்க. அப்பா ரொம்ப நேரம் பேசாம நின்னார். அப்புறம், "நான் வந்தப்போ கடல் இவ்வளவு கிட்ட இல்லை"ன்னார்.

அப்பா இங்க வந்திருக்கார்ங்கிறதே எனக்கு அப்போதான் தெரியும். பத்து வயசுல, அவரோட தாத்தாகூட, மாயவரத்துல இருந்து ரயில்ல. மாயவரம் தரங்கம்பாடி ரயில் 1926ல வந்தது, 1980கள்ல நிறுத்திட்டாங்க. வண்டி மெதுவாப் போகும், வயல் பக்கத்துல நின்னா யாராவது இளநீ கொண்டுவந்து தருவாங்கன்னார். வரும்போது பொறையார் பக்கம் காரை நிறுத்தச் சொல்லி அவர் எதையோ தேடினாரே, அது அந்தத் தண்டவாளம்தான். நான் சிக்னல் இல்லைன்னு மேப்போட சண்டை போட்டுட்டு இருந்தேன்.

2004 சுனாமி பத்தியும் அவர்தான் குழந்தைங்களுக்குச் சொன்னார். இந்தக் கரையில, நாங்க நின்ன இடத்துக்குப் பக்கத்துல, மீனவர் குப்பத்துல எத்தனையோ பேர் போயிட்டாங்க. சுற்றுலா வர்றவங்க பார்க்கிற புதுசாக்கின பழைய வீடுகள்ல பலதும் அதுக்கப்புறம் நடந்த மறுசீரமைப்புல எழுந்ததுதான்.

"வாடகைக்காரங்க எப்போ காலி பண்ணாங்க?" கவின் காலையில விட்ட இடத்துல இருந்து பிடிச்சான்.

1845ல. ஆனா காலி பண்ணலைடா, வித்துட்டாங்க. தரங்கம்பாடி, வங்காளத்துல இருக்கிற செராம்பூர், ரெண்டையும் சேர்த்து பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வித்தாங்க. வெள்ளைக்காரங்க கொஞ்ச நாள் இதைத் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே தலைநகரமா வச்சிருந்தாங்க. 1860களின் தொடக்கத்துல ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனதும் துறைமுக வியாபாரமும் அந்தப் பக்கம் போயிடுச்சு.

"வாடகை வீட்டை எப்படி விக்க முடியும்?"

"உள்ள இருந்தவங்ககிட்ட கேட்டாங்களா?" இது நிலா.

ஒப்பந்தத்துல ரெண்டே பார்ட்டி. டென்மார்க் ராஜா ஒரு பக்கம், கம்பெனி இன்னொரு பக்கம். ஊர்ல இருந்த நெசவாளிங்க, மீனவங்க, கடைக்காரங்க, பள்ளிக்கூடப் பசங்க யாரும் அதுல பார்ட்டி இல்லை. ஒரு நாள் கொடி மாறிச்சு. 225 வருஷத்துக்கு முன்னாடி நாயக்கர் எழுதிக் கொடுத்தப்போவும் அவங்களை யாரும் கேட்கலை. அதை நிலாகிட்ட சொன்னப்போதான் எனக்கே உறைச்சது. ரகுநாத நாயக்கர் நம்ம ஆளுங்கிறதால அந்தக் கேள்வியை நான் அவர்கிட்ட கேட்டதே இல்லை.

குழந்தைங்க இருட்டுற வரைக்கும் மணல்ல எழுதிட்டு இருந்தாங்க. அலை வந்து அழிக்கும், மறுபடி எழுதுவாங்க. அப்பா பக்கத்துல உட்கார்ந்து கவினோட 'ழ'வைத் திருத்திட்டு இருந்தார்.

நீங்க போறதா இருந்தா

சின்னப் பசங்களோட போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். வாசல்ல இருந்து கோட்டை வரைக்கும் நடந்தே போங்க, குழந்தைங்களாலயும் முடியுற தூரம்தான். கோட்டையை மத்தியான வெயிலுக்கு வச்சுக்கோங்க, உள்ள நிழல் இருக்கு. கோயிலையும் கடலையும் கடைசிக்கு வைங்க. பாறைகள் மேல ஏற விடாதீங்க, வழுக்கும்.

முக்கியமா, போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் படிச்சுட்டுப் போய் கைடு மாதிரி ஒப்பிக்காதீங்க. நான் அப்படித்தான் போனேன். நல்லவேளை, என் கதைகளை நிறுத்தி "சோறு யாரு போட்டாங்க"ன்னு கேட்க ஒரு ஆள் கூட இருந்தா. வீட்டுப் பெரியவங்க யாராவது அந்த ஊருக்கு முன்னாடி போயிருக்காங்களான்னும் கேட்டுப் பாருங்க. நான் கேட்கலை, கிட்டத்தட்ட தவறவிட்டிருப்பேன்.

நிலா ப்ராஜெக்டைத் திருத்தி மறுபடி கொடுத்துட்டா. 1578ன்னு சரியா எழுதியிருக்கா. கீழ ஒரு வரி அவளாவே சேர்த்திருக்கா: சீகன்பால்குவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது தரங்கம்பாடி வாத்தியார்.

மாயவரம் தரங்கம்பாடி ரயில்ல போன நினைவு உங்க வீட்ல யாருக்காவது இருந்தா, அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அதுக்குன்னு ஒரு எபிசோட் பண்ணலாம். இதுலயும் எங்கேயாவது தப்பு இருந்தா சொல்லுங்க, அடுத்த எபிசோடை அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.